செட்டிநாட்டில் பழைய பெரிய வீடு வாங்குவது எப்படி: பங்காளிக் கணக்கு முதல் கூரை ஓடு வரை

காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீடு விலைக்கு வருகிறது என்று தரகர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை எல்லாம் இருக்கும். இரண்டு விஷயம் மட்டும் படத்தில் தெரியாது. அந்த வீட்டுக்கு எத்தனை பேர் சொந்தக்காரர்கள் என்பது ஒன்று, அடைமழையில் எங்கெங்கே ஒழுகும் என்பது மற்றொன்று. கைசுட்டுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் சுட்டுக்கொள்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியிலும் பாதிக்கு மேல் அவற்றைப் பற்றித்தான்.

வீட்டைப் பார்க்கப் போகுமுன்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 70-க்கு மேற்பட்ட நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்கள் இருக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை போன்ற டவுன்களும் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், கடியாபட்டி, இராயவரம் போன்ற கிராமங்களும் உண்டு. இந்த வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940-கள் வரை எழும்பியவை. பர்மா, மலேயா, இலங்கை என்று வட்டித்தொழில் செய்து வந்த பணம்தான் கட்டியது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. அந்தப் பணவரத்து நின்றது, கட்டுமானமும் படுத்தது. அடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனது. வீடுகள் பூட்டிக் கிடப்பதன் கதை சுருக்கமாக இவ்வளவுதான்.

கட்டிய காலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பழுது எங்கே இருக்கும் என்பதற்கு அது ஒரு குறிப்பு. முற்பட்ட வீடுகள் சுண்ணாம்பு, செங்கல் அல்லது செம்புறாங்கல், மரம், நாட்டு ஓடு ஆகியவற்றோடு நின்றுவிடும். 1930-கள், 40-களில் கட்டிய வீடுகளின் முகப்பில் அந்தக் காலத்துப் புது மோஸ்தரில் கான்கிரீட் சன்ஷேடும் இரும்பு உத்திரமும் வந்திருக்கும். சுண்ணாம்புச் சுவர் இன்னும் திடமாக நிற்க, அந்தக் கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருக்கும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. இதைக் காட்டி விலையை ஏற்றுகிறவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பதால் மட்டும் உங்கள் வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைக்காது, மானியமும் வராது.

முதல் படி: பூட்டுகளை எண்ணுங்கள்

முதல் தடவை போகும்போது தூணை அண்ணாந்து பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். திண்ணை, முகப்பு, அதைத் தாண்டி வளவு. வளவின் நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் பட்டாலை, அதை ஒட்டி வரிசையாக அறைகள். பிறகு இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு, பின்வாசல். வளவைச் சுற்றியிருக்கும் அந்த அறைகளை மகனுக்கு ஒன்றாகக் கல்யாணமானதும் பிரித்துக் கொடுத்தார்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, தனிச் சாவி. ஆக, எத்தனை அறையில் வெவ்வேறு பூட்டுத் தொங்குகிறதோ, குறைந்தது அத்தனை கிளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகரிடம் ஒரே சாவிக்கொத்து இருந்து, நாலு அறை மட்டும் திறக்கவில்லை என்றால் அந்த நாலு அறைக்காரர்கள் யார் என்று அங்கேயே கேளுங்கள்.

மின் மீட்டர்களையும் எண்ணுங்கள். முன்வாசலில் நின்றால் நேர்கோட்டில் பின்வாசல் வெளிச்சம் தெரிய வேண்டிய வீடு அது. நடுவில் ஒரு சிமென்ட் சுவர் மறித்து நின்றால், யாரோ பாகம் பிரித்திருக்கிறார்கள், அல்லது பிரிக்க முடியாமல் கோபத்தில் எழுப்பியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். காபி குடித்துவிட்டு மெல்லக் கேட்டால் வக்கீல் நோட்டீஸ் போன தேதி வரைக்கும் சொல்லிவிடுவார்.

இரண்டாம் படி: வம்சாவளி போடுங்கள்

ஒரு பெரிய தாளில் வீட்டைக் கட்டியவரிலிருந்து தொடங்கி எழுதுங்கள். யார் எந்த வருடம் இறந்தார், உயில் எழுதினாரா, மனைவி எப்போது இறந்தார், மகள்கள் எத்தனை பேர், யார் பிள்ளைகூட்டினார்கள் (தத்தெடுத்தார்கள்) என்று ஒவ்வொருவருக்கும் குறியுங்கள். சுவீகாரம் நகரத்தாரிடம் சகஜம். பிறந்த வீட்டுக் கிளையில் ஒருவர் பெயரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அவர் சுவீகாரம் போன வீட்டுக் கிளையில் இருப்பார்.

சின்னக் குடும்பமாகவே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கட்டியவருக்கு மூன்று மகன்கள், மகள் இல்லை. மூவரும், அவர்கள் மனைவியரும் காலமாகிவிட்டார்கள். மூத்தவர் வழியில் பிள்ளைகூட்டிய மகன் ஒருவர். நடுவிலவருக்கு இரண்டு மகன், இரண்டு மகள்; மகள்களில் ஒருவர் தவறிப்போய், கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். இளையவருக்கு ஒரே மகன், அவரும் தவறிவிட்டார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். உயில் ஏதும் இல்லை என்றால் மூத்த வழிக்கு 1 கையெழுத்து, நடு வழிக்கு 6, இளைய வழிக்கு 4. மொத்தம் 11. இதில் தவறிப்போன மகளின் வாரிசுகள் மூவருக்கும் தலைக்கு 36-இல் ஒரு பங்கு. அந்த மூவரில் ஒருவர் நியூஜெர்சியில் இருந்துகொண்டு 'யோசித்துச் சொல்கிறேன்' என்றால், முழு வீடும் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும். நிஜக் குடும்பங்களில் கையெழுத்து 30, 40 என்று போவது அதிசயமில்லை.

'பெண்களுக்குச் சீர் செய்தாகிவிட்டது, அவர்களுக்குப் பங்கு கிடையாது' என்று குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் உறுதியாகச் சொல்வார். அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 25.3.1989 முதலே, அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. மத்தியச் சட்டத்திருத்தம் 9.9.2005-இல் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, அது பிறப்பால் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன் முறையாகப் பதிவான அல்லது நீதிமன்றத் தீர்ப்பால் முடிந்த பாகப்பிரிவினை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 1956-க்கு முன் இறந்தவர் இருந்தால் கணக்கே வேறு. அந்த நுணுக்கமெல்லாம் வழக்கறிஞர் பார்க்க வேண்டியது. உங்களுக்கு ஒரே விதி போதும்: உயிரோடு இருக்கும் மகள்களும், இறந்த மகள்களின் வாரிசுகளும் கையெழுத்துப் போடாத பத்திரம் வேண்டாம்.

கிளைகளைச் சரிபார்க்க நல்ல வழி, அவர்களுடைய நகரக் கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோயில். ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணமானதும் புள்ளியாகப் பதிவாவதும் சுவீகாரமும் அந்தக் கோயிலோடு சேர்ந்தே நடப்பதால், விட்டுப்போன பங்காளி அங்கே அகப்படுவார். சட்டத்துக்கு அது போதாது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும்தான் பேசும்.

'என் பாகத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் தானாக வருவார்கள்' என்ற யோசனையும் வரும். குடும்பம் பிரிக்காமல் வைத்திருக்கும் குடியிருப்பு வீட்டில் வெளியாள் ஒரு பங்கை வாங்கினாலும், மற்றவர்களோடு சேர்ந்து அனுபவிக்கும் உரிமை வராது என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. பிறகு நீங்கள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி உங்கள் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அவர்களே எடுத்துக்கொள்ளலாம். வழக்கு நடத்துவதில் ஆசை உள்ளவர்கள் தவிர மற்றவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

மூன்றாம் படி: காகிதம்

பூர்வீக வீட்டுக்குப் பல சமயம் கிரயப் பத்திரமே இருக்காது, கட்டியவர் எழுதி வாங்கிய நிலப் பத்திரம் எங்கோ பெட்டகத்தில் தொலைந்திருக்கும். அப்படியென்றால் கேட்க வேண்டியவை: பாகப்பிரிவினைப் பத்திரம் அல்லது கூர்சீட்டு (குடும்பத்துக்குள் பாகம் பிரித்து எழுதிக்கொண்ட சீட்டு), உயில்கள், பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரங்கள், பழைய வீட்டுவரி ரசீதுகள், நத்தம் பட்டா. கிராமத்துக்குள் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கான நிலத்தில், வரும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு பங்காளி தன் பெயருக்கு மாற்றி வைத்திருப்பார். பட்டா அவர் பெயரில் இருப்பதால் வீடு அவருக்கு மட்டும் சொந்தமாகிவிடாது, ஆனால் சண்டைக்கு அதுவே ஆரம்பம்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுக்கலாம். 1975-க்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனு போட வேண்டியிருக்கும்; போடுங்கள், சோம்பல் படாதீர்கள். பதிவாகாத கூர்சீட்டும் நிலுவையிலுள்ள வழக்கும் வில்லங்கச் சான்றில் வராமல் போகலாம் என்பதால், உள்ளூர் நீதிமன்றத்திலும் வழக்கறிஞரை விட்டுத் தேடச் சொல்லுங்கள். மனை கோயிலுக்குச் சொந்தமா, வீட்டை யாராவது அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார்களா என்பதையும் பாருங்கள். தர்மத்துக்கு எழுதி வைத்த குடும்பங்கள் இந்தப் பக்கம் அதிகம். அப்படி எழுதிய சொத்தைக் குடும்பத்தார் நினைத்த மாதிரி விற்க முடியாது. எல்லாம் முடிந்ததும் ஆட்சேபம் கேட்டு ஒரு தமிழ் நாளிதழில் அறிவிப்பு கொடுங்கள். நாளிதழ் பார்த்து ஒரு பங்காளி போன் செய்தால், விளம்பரக் காசு வீணாகவில்லை என்று அர்த்தம்.

நான்காம் படி: மழையில் போய்ப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். வடகிழக்குப் பருவமழை சொல்வதை எந்த இன்ஜினியரும் அவ்வளவு தெளிவாகச் சொல்ல மாட்டார். கோடையில் மட்டும் வீட்டைக் காட்டுவேன் என்கிறவரிடம் கவனமாக இருங்கள்.

முற்றத்துக்கு நாலு பக்கமும் கூரை உள்நோக்கிச் சரிகிறது. இரண்டு சரிவு சேரும் மூலைக்குக் கூடல்வாய் என்று பெயர், ஒரு வளவுக்கு அப்படி நாலு. பெரிய பரப்பில் விழும் மழையெல்லாம் அந்த மூலைகளில் ஓடி வந்துதான் முற்றத்தில் கொட்டும். ஓடு நகர்ந்தாலோ, தகடு இற்றுப்போனாலோ முதலில் நனைவது அந்த மூலைக் கைமரம். டார்ச்சை அங்கே அடியுங்கள். மரத்தில் கறுத்த வரி, கீழே மூலைத்தூணின் தலையில் நீர்க்கறை, அதை ஒட்டிய சுவரில் உப்புப் பூத்த வெள்ளை, இம்மூன்றும் சேர்ந்திருந்தால் ஒழுகல் பல வருடத்துப் பழையது. உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் நுனி இறங்காது. பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்த உத்திரத்தின் தலை போய்விட்டது, வெளியே தெரியும் பாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

தேக்கைக் கறையான் தின்னாது என்பார்கள். வைரம் பாய்ந்த நடுமரத்துக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். ஆனால் இடையில் பழுது பார்த்தபோது சேர்த்த மட்ட மரத்தையும் தேக்கின் வெளிப்பால் பகுதியையும் கறையான் விட்டுவைக்காது. பகலில் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள், ஓட்டு இடுக்கில் எத்தனை வெளிச்சப் புள்ளி என்று தெரியும். குரங்கு நடமாட்டம் உள்ள ஊரென்றால் அந்தப் புள்ளிகள் வருடா வருடம் கூடும்.

மாடித்தளம் மெட்ராஸ் டெரஸ் வகை: தேக்கு வாரைகள்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பு போட்டது. ஒழுகுகிறது என்று அதன் தலையில் சிமென்ட் கான்கிரீட் கொட்டியிருந்தால் வாரைகள் வளைந்திருக்கிறதா என்று கீழிருந்து நூல் பிடித்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவரிலும் கார்னிஸிலும் அரசங்கன்று முளைத்திருக்கும். மேலே வெட்டினால் போதாது, வேர் சுவருக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதுதான் செலவை நிர்ணயிக்கும்.

அப்புறம் தெரு. பஞ்சாயத்து ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே வந்திருக்கும், வீடு அதே இடத்தில் நிற்கும். முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் பழைய கல்வாய், இன்றைய தெருவுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பெருமழையில் தண்ணீர் வெளியே போகாது, உள்ளே வரும். அந்தக் காலத்தில் ஊருணிக்குப் போன வாய்க்கால் இப்போது எங்கே அடைபட்டது என்பதையும் நடந்து பார்த்துவிடுங்கள்.

தரையும் சுவரும் கொஞ்சம் எளிது. ஆத்தங்குடிக் கல்லை நாணயத்தால் தட்டினால் பெயர்ந்தது தொளதொளவென்று ஒலிக்கும். அதே ஊரில் இன்றும் கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றிக் கையால் செய்கிறார்கள், பழைய டிசைனைக் காட்டினால் மாற்றுக் கல் கிடைக்கும். சுவரின் பளபளப்பு, நைஸாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு முதலியவை சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து வந்தது. அதன்மேல் யாராவது எமல்ஷன் பெயின்ட் அடித்திருந்தால் துக்கப்படலாமே தவிர, வீட்டை வேண்டாமென்று சொல்ல அது காரணமில்லை.

ஐந்தாம் படி: விலை பேசுதல்

உங்களோடு போட்டி போடுபவர் இன்னொரு வீட்டுப் பிரியர் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அவர் வீட்டைப் பிரித்து விற்கும் வியாபாரி. தூண், நிலை, கதவு, கண்ணாடி, விளக்கு என்று தனித்தனியாக விலை போட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் வரைக்கும் அவருக்குக் கணக்குத் தெரியும். 'மரம் மட்டுமே இவ்வளவு போகும்' என்று தரகர் சொல்வது அந்தக் கணக்கைத்தான். அதனால் நிலத்தின் விலை, மரத்தின் விலை, பழுதுச் செலவு மூன்றையும் நீங்களும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பழுதுச் செலவுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரையும் உள்ளூர் ஆசாரியையும் சேர்த்துக் கூட்டிப்போய் மதிப்புப் போடுங்கள். சென்னையிலிருந்து வரும் கான்ட்ராக்டர் சிமென்டில்தான் சிந்திப்பார். வாங்கும் விலைக்குச் சமமாகப் பழுதுச் செலவு வந்து நின்றாலும் அதிர்ச்சி வேண்டாம். வங்கிக்கடனை நம்பி இறங்காதீர்கள். கட்டட வயதையும் பங்காளிப் பட்டியலையும் பார்த்ததும் பல வங்கிகள் பின்வாங்கும்.

விற்க மனமில்லாத குடும்பம் நீண்டகாலக் குத்தகைக்குச் சம்மதிக்கலாம். கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் வீட்டை ஓட்டலாக்க நினைப்பவர்களுக்கு அது நல்ல வழி. அதற்கும் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்ட, பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும்.

ஆறாம் படி: ஒப்பந்தமும் பதிவும்

முன்பணத்தை ஒரே பங்காளியிடம் கொடுக்காதீர்கள். எல்லாரும் கையெழுத்திடும் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கில் போடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்தால், அந்த நாட்டில் முறைப்படி எழுதிச் சான்று பெற்ற அந்தப் பவர் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். பவர் எழுதியவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் பதிவின்போது தேவை. இறந்துவிட்டால் பவரும் அதோடு முடிந்தது.

ஒப்பந்தத்தில் ஓர் இணைப்புப் பட்டியல் கட்டாயம் வேண்டும். வளவில் எத்தனை தூண், எந்தக் கதவில் என்ன செதுக்கல், கண்ணாடி, ஊஞ்சல், தொங்கு விளக்கு, பெட்டகம், சாவிகள் வரை புகைப்படத்தோடு சேருங்கள். கையெழுத்துக்கும் பத்திரப் பதிவுக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான் முகப்புக் கதவு 'தாத்தா ஞாபகார்த்தமாக' வேறு ஊருக்குப் போகும். 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்கள் 1972-ஆம் வருடத்துச் சட்டப்படி தொல்பொருளாகிவிடும். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக யாரும் ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுங்கள்.

படைப்பு பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். முன்னோருக்குப் படைக்கும் வீடாக அது இருந்தால், வருடத்தில் ஒரு நாள் வந்து படைத்துப் போக அனுமதி கேட்பார்கள். எந்த நாள், எந்தப் பகுதி, எத்தனை வருடத்துக்கு என்று தெளிவாக எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் நல்லது. வாய்ப்பேச்சில் விட்டால் பிறகு மனஸ்தாபம்தான் மிச்சம்.

பதிவுச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். நிலத்துக்கு அரசு வழிகாட்டி மதிப்பு, கட்டடத்துக்குத் தனி மதிப்பு. குறைத்துக் காட்டினால் முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவில் மறுமதிப்பீட்டுக்குப் போகும். மொத்த விலை 50 லட்சம் ரூபாயை எட்டினால், வாங்குகிற நீங்கள்தான் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். பங்கு பங்காகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் 50 லட்சத்துக்குக் குறைவு என்ற வாதம் 1.10.2024 முதல் செல்லாது, எல்லாப் பங்கையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். விற்பவர்களில் வெளிநாட்டில் வசிப்பவர் இருந்தால் அவர் பங்குக்குப் பிடித்தம் வேறு விதி, தொகையும் அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் அவருக்குப் பணம் அனுப்பாதீர்கள், பிடிக்கத் தவறிய வரி உங்கள் தலையில் விழும்.

ஏழாம் படி: முதல் வருடம்

பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு மூன்றையும் உடனே பெயர் மாற்றுங்கள். பழைய மரப்பட்டி வயரிங்கை முழுக்கக் கழற்றிவிடுங்கள். அவ்வளவு காய்ந்த மரத்துக்கு நடுவில் அதை வைத்துக்கொண்டு தூக்கம் வராது. அடுத்த ஐப்பசிக்குள் கூடல்வாய்த் தகடும் ஓடும் மாற்றி, கல்வாய்க்கு வழி செய்யுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் ஒட்டுப் போட வேண்டாம். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து, ஒட்டுக்குப் பக்கத்துச் சுண்ணாம்பைப் பொரிய வைக்கும். தரையை ஆசிட் ஊற்றிக் கழுவ ஆள் வருவார், விடாதீர்கள். வெறும் தண்ணீரில் துடைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு நடந்து புழங்கினாலே பளபளப்பு திரும்பும்.

குளியலறை, ஏசி, மாடியில் விருந்தினர் அறை என்ற திட்டங்களை ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போடுங்கள். எந்த அறைக்குக் காற்று வருகிறது, எந்தச் சுவர் மார்கழி வரை ஈரமாக இருக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். கழிப்பறைக் குழாய்களை வளவுப் பக்கம் கொண்டுவராமல் இரண்டாங்கட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால், பின்னாளில் குழாய் கசிந்தாலும் தேக்குக்கு ஆபத்து வராது.